முதல் அச்சின் அடையாளங்கள்

ஆர்.கே. நாராயணின் 'மால்குடி டேஸ்' முதலில் வெளிவந்த ஆண்டு எது என்று கேட்டால், பழைய புத்தகம் தேடுகிறவர்களில்கூடப் பலர் 1982 என்று சொல்லிவிடுவார்கள். நியூயார்க்கில் வைக்கிங்கும் லண்டனில் ஹைன்மனும் அந்தப் பெயரில் ஒரு கதைத் தொகுப்பை அந்த ஆண்டு வெளியிட்டது உண்மைதான். ஆனால் அதே பெயரில் ஒரு புத்தகம் 1943-லேயே மைசூரில் வந்துவிட்டது. வெளியிட்டது இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ். தன் எழுத்துகளை வெளியிட நாராயண் தானே நடத்திய பதிப்பகம். இரண்டு புத்தகங்களிலும் உள்ள கதைகளின் வரிசை ஒன்றல்ல. பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர் வெளிநாட்டு அழகுப் பதிப்பை எடுத்துக்கொண்டு, மைசூர்ப் பிரதியைத் தொடாமலே போய்விடக்கூடும்.

முதல் பதிப்பு தேடும் கலையின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு உதாரணத்தில் அடங்கிவிடுகிறது. இந்தக் கலைக்கு வழிகாட்டும் கையேடுகளில் பெரும்பாலானவை லண்டன், நியூயார்க் பதிப்பகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெங்களூரில் ஒரு அலமாரி முன் நிற்பவருக்கு அவை பாதி தூரம்தான் துணைவரும். மீதித் தூரத்துக்கு நம் ஊர் விலை, நம் ஊர் முகவரி, நம் எழுத்துருவின் வரலாறு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

பெங்களூர் இதற்கு நல்ல ஊர். பிரிகேட் ரோடிலிருந்து பிரியும் சிறிய சந்தில் இருக்கும் செலக்ட் புக் ஷாப், கே.பி.கே. ராவ் 1945-இல் தொடங்கியது. அவருக்குப் பின் மகன் கே.கே.எஸ். மூர்த்தி நடத்தினார். அரிய புத்தகம் வேண்டுமென்றால் அங்கே போ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி அனுப்பப்பட்ட கடை அது. சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் என்று மாடி மாடியாகப் பழைய புத்தகங்கள். அவென்யூ ரோடில் பாடப்புத்தகக் குவியலுக்கு நடுவே எப்போதாவது ஒரு நாவல். ராணுவக் குடியிருப்பு, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பொதுத்துறை நிறுவன அதிகாரிகள், பேராசிரியர்கள் என்று பல வகை வாசகர்கள் வாழ்ந்த நகரம் என்பதால், வீடு காலி செய்யும்போது வெளிவரும் புத்தகங்களும் பலவகை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சேகரிப்பவர் 'முதல் பதிப்பு' என்று சொல்லும்போது, அந்த நாவலை முதன்முதலாக வெளியிட்ட பதிப்பகம், முதல் தடவை அச்சடித்த பிரதியைத்தான் குறிப்பிடுகிறார். அதே ஆண்டில் இரண்டு மாதம் கழித்து மறுபடி அச்சானால் அது இரண்டாம் அச்சு; மதிப்பு சட்டென்று இறங்கிவிடும். தமிழ்ப் பதிப்பகங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு மறு அச்சையும் 'பதிப்பு' என்றே எண்ணிக்கொண்டு போகும். அதனால் 'நான்காம் பதிப்பு' என்று போட்டிருந்தால் நூல் நான்கு முறை திருத்தப்பட்டது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

நாராயணின் புத்தகங்களையே தொடர்ந்து பார்க்கலாம். பெங்களூரில் பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கிய நாவல்தான் 'சுவாமி அண்ட் பிரெண்ட்ஸ்'. பதிப்பாளர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி, ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணா வழியாக கிரஹாம் கிரீன் கைக்குப் போனது. கிரீன் பரிந்துரையால் லண்டனில் ஹாமிஷ் ஹாமில்டன் 1935-இல் வெளியிட்டது. அதற்கு நாராயண் வைத்திருந்த தலைப்பு 'சுவாமி, தி டேட்'. இன்றைய தலைப்பு கிரீன் யோசனை. விற்பனை சரியில்லை. அடுத்த நாவல் 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' 1937-இல் நெல்சன் வெளியீடு. 1938-இல் 'தி டார்க் ரூம்' மேக்மில்லன். 1945-இல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' ஐர் அண்ட் ஸ்பாட்டிஸ்வுட். 1952-இல் 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' மெத்தூயன். பதினேழு ஆண்டுக்குள் ஒரே எழுத்தாளர் ஐந்து லண்டன் பதிப்பகங்களைக் கடந்திருக்கிறார். எந்த நாவல் முதலில் எந்தப் பதிப்பகத்தில் வந்தது என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் நாராயணைத் தேடுவது வீண் அலைச்சல். மெத்தூயன் முத்திரையோடு 'இங்கிலீஷ் டீச்சர்' கிடைத்தால் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் அது முதல் அச்சு ஆகாது.

அமெரிக்கப் பிரதிகள் இன்னொரு குழப்பம். மிஷிகன் ஸ்டேட் காலேஜ் பிரஸ் 1953-இல் 'இங்கிலீஷ் டீச்சரை' வெளியிட்டபோது பெயரையே மாற்றி 'கிரேட்ஃபுல் டு லைஃப் அண்ட் டெத்' ஆக்கிவிட்டது. 'மிஸ்டர் சம்பத்' 1957-இல் அங்கே 'தி பிரிண்டர் ஆஃப் மால்குடி' ஆனது. யாருக்கும் தெரியாத நாராயண் நாவல் ஒன்று கிடைத்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். 'தி கைட்' கதை நேர்மாறு: 1958-இல் நியூயார்க்கில் வைக்கிங், லண்டனில் மெத்தூயன் இரண்டும் அதே பெயரில் வெளியிட்டன.

பெங்களூர் அலமாரிகளில் அதிகம் தென்படுவதோ மைசூர் இந்தியன் தாட் பிரதிகள். அவற்றின் காப்பிரைட் பக்கத்தில் நாவல் முதலில் வெளிவந்த ஆண்டு இருக்கும். அதன் கீழே மறு அச்சுகளின் எண்ணிக்கை இருக்கும். மேல் வரியை மட்டும் படித்துவிட்டு விலை பேசுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தப் பக்கத்தைக் கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும்.

அந்தக் காலத்து லண்டன் பதிப்பகங்கள் பலவற்றின் வழக்கம் எளிமையானது. முதல் அச்சில் வெளியான ஆண்டு மட்டும் இருக்கும். பிறகு அச்சான ஒவ்வொரு தடவையும் கீழே ஒரு வரி கூடும். எழுபதுகளுக்குப் பிறகு எண் வரிசை பரவலானது. 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு வரி. மறு அச்சுக்குப் போகும்போதெல்லாம் மிகச் சிறிய எண்ணை அழித்துவிடுவார்கள். வரிசையில் 1 இருந்தால் முதல் அச்சு, 4-இல் நின்றால் நான்காவது. சில பதிப்பகங்கள் ஒற்றைப்படை எண்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்களை மறுபக்கமும் வைக்கும்; விதி மாறாது. விலக்கு ராண்டம் ஹவுஸ். அவர்களுடைய பல நாவல்களில் எண் வரிசை 2-இல் முடியும், கூடவே 'முதல் பதிப்பு' என்ற சொற்கள் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் முதல் அச்சு. மறு அச்சில் அந்தச் சொற்களை எடுத்துவிடுவார்கள். 2 மட்டும் மிஞ்சும்.

சில நாவல்களில் எண்ணைவிட அச்சுப் பிழையே உறுதியான சான்று. ப்ளூம்ஸ்பரி 1997-இல் 'ஹாரி பாட்டர் அண்ட் தி ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்' கெட்டி அட்டையில் 500 பிரதிகளே அச்சடித்தது. அவற்றில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. 53-ஆம் பக்கத்தில் ஹாரி வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை வருகிறது. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏலத்தில் அந்த முதல் அச்சுப் பிரதி ஒன்று 4,71,000 டாலருக்குப் போனது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'யிலும் (1925) இப்படித்தான்: 205-ஆம் பக்கத்தில் ஒரு சொற்றொடர் பிழையாக அச்சாகியிருந்தால் முதல் அச்சு, திருத்தப்பட்டிருந்தால் பிந்தியது.

இங்கே இந்திய வாசகர் ஒரு ஆபத்தைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நடைபாதையில் விற்கும் திருட்டுப் பிரதிகள், அசல் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அச்சடிக்கப்படுபவை. படமெடுக்கப்பட்டது முதல் அச்சாக இருந்தால், எண் வரிசையும் அதிலுள்ள 1-உம் அப்படியே வந்துவிடும். காப்பிரைட் பக்கம் முதல் அச்சு என்றே சாட்சி சொல்லும். பிடித்துக் கொடுப்பது தாள்தான்: பின்பக்க எழுத்து தெரியும் மெலிந்த தாள், சில பக்கங்களில் மை திட்டு, ஓரம் சாய்ந்த அச்சு, அட்டைப் படத்தின் மங்கிய நிறம். சந்தேகம் வந்தால் அதே நாவலின் நல்ல பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வழி.

புக்கர் பரிசு பெற்ற இந்திய நாவல்களில் வேறொரு கேள்வி எழுகிறது. அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' 1997-இல் டெல்லியில் இந்தியா இங்க், லண்டனில் ஃபிளமிங்கோ, நியூயார்க்கில் ராண்டம் ஹவுஸ் என்று மூன்று இடத்தில் வெளியானது. பெங்களூரைக் கதைக்குள் கொண்டுவந்த அரவிந்த் அடிகாவின் 'தி ஒயிட் டைகர்' 2008-இல் ஹார்ப்பர்காலின்ஸ் இந்தியா, லண்டனின் அட்லாண்டிக், அமெரிக்காவின் ஃப்ரீ பிரஸ் என மூன்று வடிவில் வந்தது. எதை முதல் பதிப்பு என்பது? எழுத்தாளரின் சொந்த நாட்டில் வந்ததே முதன்மை என்பது சேகரிப்போரிடையே ஒரு பழைய வழக்கம். நாள் கணக்கில் முந்தியதே முதல் என்பது இன்னொரு கட்சி. வெளிநாட்டுச் சந்தை பெரும்பாலும் லண்டன் பிரதிக்கே அதிகம் கொடுக்கிறது. ஆனால் இந்தியாவில் இருந்து சேகரிப்பவர் இந்தியா இங்க் பிரதியை விட்டுவிடக் கூடாது. அந்த நாவல் தன் முதல் வாசகர்களைச் சந்தித்த வடிவங்களில் அதுவும் ஒன்று. ராய்க்குப் புக்கர் அறிவிக்கப்பட்டது 1997 அக்டோபரில். பரிசு பற்றிய வரி மேலுறையிலேயே அச்சாகியிருந்தால் அந்த உறை பரிசுக்குப் பிந்தியது. ஒட்டப்பட்ட வில்லை மட்டும் இருந்தால் அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். கடையில் மீந்திருந்த முதல் அச்சுப் பிரதியிலும் அதை ஒட்டியிருக்கலாம்.

வில்லை என்றதும் மேலுறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கெட்டி அட்டை நாவலின் மேல் தனியாகச் சுற்றியிருக்கும் அந்தத் தாள் உறையில்தான் மதிப்பின் பெரும்பங்கு இருக்கிறது. உறையோடு உள்ள 'கேட்ஸ்பி' பிரதிக்கும் உறை இல்லாததற்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. நம் வீடுகளில் நடந்தது என்ன? உறை கிழிந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் பிரவுன் ஷீட் போட்டார்கள். நூலகங்கள் உறையைக் கழற்றிவிட்டு பைண்டு செய்தன. பரிசாகக் கொடுத்தவர்கள் விலை இருந்த மூலையைக் கத்தரித்தார்கள். அதனால்தான் உறையோடு கூடிய பழைய நாராயண் பிரதி அவ்வளவு அரிது. உறையின் உள்மடிப்பில் விலையே அச்சாகாமல் இருந்தால் புத்தகக் கழகப் பதிப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்ற வரி இருந்தால், அது நம் சந்தைக்கென்று தனியாக அனுப்பப்பட்டது.

தமிழ் நாவல்களுக்கு வரும்போது எண் வரிசை கைகொடுக்காது. பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்கள் அதைப் பயன்படுத்தியதே இல்லை. அதற்குப் பதிலாக வேறு சாட்சிகள் இருக்கின்றன, ஒருவிதத்தில் அவை இன்னும் நம்பகமானவை.

விலையில் தொடங்கலாம். இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது 1957 ஏப்ரலில். அதற்கு முன் மூன்றரை ரூபாய் புத்தகத்தில் 3-8-0 என்று ரூபாய், அணா, பை என இருக்கும். பின்னால் வந்ததில் 3.50. பிரிட்டனில் ஷில்லிங் போனது 1971 பிப்ரவரியில். ரூபாய்க்கான தனிக் குறியீடு 2010 ஜூலையில்தான் வந்தது. அடுத்து முகவரி. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது; அதற்கு முன் 'சென்னை-5', 'பெங்களூர்-1' என்றே போடுவார்கள். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் தமிழ்ப் புத்தகாலயம் வெளியிட்டது. 1966 என்று ஆண்டு போட்ட பிரதியின் முகவரியில் 600 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் இருந்தால், அது குறைந்தது ஆறு ஆண்டு பிந்தி அச்சானது. ஆங்கிலப் புத்தகங்களில் மைசூர் மாநிலம் என்றிருந்தால் 1973 நவம்பருக்கு முன், கர்நாடகா என்றிருந்தால் பின். சர்வதேச தர நூல் எண் 13 இலக்கமானது 2007-இல். பத்து இலக்கம் என்றால் அதற்கு முந்தையது என்று கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட அழகான சாட்சி எழுத்து. லை, ளை, ணை, னை ஆகியவை யானைத் துதிக்கை போல முன்னால் வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை கீழே சுழித்துத் திரும்பும் ஒற்றை உருவத்தோடும் அச்சான காலம் ஒன்று உண்டு. பெரியார் 1935-லேயே தன் இதழ்களில் சீரமைத்த எழுத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். ஆகவே அறுபதுகளைச் சேர்ந்த நாவல் என்று காட்டப்படும் பிரதியில் எழுத்துகள் எல்லாம் புதிய வடிவில் இருந்தால், அநேகமாக அது மறு அச்சு. பக்கத்தின் பின்புறம் விரலை வைத்து மெல்லத் தடவிப் பார்ப்பதும் உதவும். ஈய எழுத்து கோத்து அடித்த அச்சு தாளில் லேசாகக் குழிந்திருக்கும். ஆஃப்செட்டில் தாள் வழவழப்பாக இருக்கும்.

இத்தனை சாட்சிகளுக்கும் எதிரே நிற்பது காப்பிரைட் பக்கத்தின் 'முதல் பதிப்பு' என்ற வரி. பதிப்பகம் மாறும்போது புதியவரும் தன் கணக்கில் முதல் பதிப்பு என்று போடுவது வழக்கம். காலச்சுவடு போன்றவர்கள் 'காலச்சுவடு முதல் பதிப்பு' என்று தெளிவாகப் பிரித்துக் குறிப்பிடுகிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966-இல் வாசகர் வட்டம் வெளியிட்டது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய அந்தப் பதிப்பகத்தின் நூல் கட்டமைப்பை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் க்ரியா. இந்தப் பெயர்களை மனத்தில் வைத்திருப்பவருக்கு வரி எப்படி இருந்தாலும் குழப்பம் வராது.

பெங்களூருக்கும் இந்தப் பட்டியலில் இடம் உண்டு. சு. சண்முகசுந்தரம் தொடங்கிய காவ்யா பதிப்பகம் முதலில் இயங்கியது பெங்களூர் இந்திராநகரிலிருந்து. பிற்பாடு சென்னை கோடம்பாக்கத்துக்குப் போனது. பெங்களூரில் பேராசிரியராக இருந்த தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' 1985-இல் வெளிவந்த காலத்தில் காவ்யா பெங்களூர்ப் பதிப்பகம்தான். காவ்யா புத்தகம் எது கையில் வந்தாலும் முதலில் முகவரியைப் பார்க்க வேண்டும். இந்திராநகர் என்றிருந்தால் பழைய அச்சு. கன்னடத்துக்கும் இதே நோட்டம் பொருந்தும்: யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' 1965-இல் வந்தது பெங்களூரில் அல்ல, தார்வாடின் மனோகர கிரந்தமாலாவில். ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஆக்ஸ்போர்டு வெளியிட்டது 1976-இல். மூலத்தின் முதல் அச்சு, மொழிபெயர்ப்பின் முதல் அச்சு இரண்டுமே தனித்தனியாகத் தேடத் தகுந்தவை.

தமிழுக்கே உரிய இன்னொரு வடிவம் இருக்கிறது. மேல்நாட்டுக் கையேடுகள் அதற்கு உரிய இடம் தருவதில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியம் ஓவியங்களோடு தொடராக வந்தது. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. ஜானகிராமனின் 'மோகமுள்' முதலில் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. அந்த பைண்டு வால்யூம்கள் கடைக்காரர் கண்ணில் பழைய பத்திரிகைக் காகிதம். ஆனால் நாவல் வாசகரை முதன்முதலில் அடைந்த வடிவம் அதுதான். ஓவியம், விளம்பரம், வாரத்தின் தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றை முதல் பதிப்புக்கு இணையாக வைத்துப் போற்ற வேண்டும்.

இதில் பணத்துக்கு அப்பாலும் ஒரு தேவை இருக்கிறது. மறு அச்சுகளில் வரிகள் விழுகின்றன, சொற்கள் மாறுகின்றன, பத்திகள் ஒட்டிக்கொள்கின்றன. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி செம்பதிப்பு தயாரித்தபோது பழைய இதழ்களுக்கும் முதல் நூல் வடிவங்களுக்கும் திரும்பிப் போய் ஒப்பிட்டார். அந்தப் பிரதிகளை யாரோ பாதுகாத்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. ஒரு நாவலின் முதல் பதிப்பு எது என்ற ஐயம் வந்தால் அந்த நூலகத்தின் பட்டியலையும் கன்னிமாரா நூலகத்தின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வீட்டில் தாத்தாவின் அலமாரியைக் காலி செய்ய நேர்ந்தால் எடைக்குப் போடுமுன் காப்பிரைட் பக்கத்தையும் விலையையும் ஒருமுறை பார்க்கலாம். கிழிந்த உறையைச் செல்லோ டேப்பால் ஒட்டக் கூடாது; சில ஆண்டுகளில் பசை பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். பெயரெழுதிய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், நூலக முத்திரையை அழிக்க வேண்டாம். அவை விலையைக் குறைத்தாலும் அந்தப் பிரதி எங்கெல்லாம் இருந்தது என்பதற்கு வேறு ஆவணம் இல்லை. குறிப்பு எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில். வெள்ளிப்பூச்சிக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் மழைக்காலத்து ஈரம் உள்ளேயே தங்கி, தாளில் பழுப்புப் புள்ளி விழும். காற்றோட்டமுள்ள அலமாரியில், வெயில் நேராக விழாத பக்கம், நிமிர்த்தி நெருக்காமல் அடுக்கி வைத்தால் போதும்.